தேதி வராத பெயர்

காலேஜ் முடித்த கையோடு தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். பிரிவு என்றால் மொத்தம் மூன்று பேர். ஹெட் சார், வயர் இழுக்கிற அண்ணா, நான். ஜன்னல் இல்லாத சின்ன அறை, பல் கிட்டிப்போகிற அளவுக்கு ஏசி. சேர்ந்த நாலாவது மாதமே, இந்தக் கட்டடத்தில் கோட் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற மிதப்பு வந்துவிட்டது. அதில் பொய்யும் இல்லை, நிஜமாகவே நான் ஒருத்திதான். அப்படியென்றால் நான் எழுதியது சரியா என்று பார்க்கவும் வேறு ஆள் கிடையாது என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் வெளியிலிருந்து பாதுகாப்பு ஆய்வுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து எங்கள் காபியைக் குடித்தார்கள். போகும்போது ஓர் அறிக்கை கொடுத்தார்கள். டைரக்டரியில் செத்த ஐடிகள் நிறைய இருக்கின்றன, களையெடுங்கள் என்று அதில் இருந்தது.

டைரக்டரி என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஆள் பதிவேடு. பெரிய டாக்டர் முதல் டோக்கன் கொடுப்பவர் வரை எல்லாருக்கும் அதில் ஓர் ஐடி உண்டு. பெயர், எந்தப் பிரிவு, எதையெல்லாம் திறந்து பார்க்கலாம், கடைசியாக என்றைக்கு எத்தனை மணிக்கு லாகின் செய்தார், எல்லாம் அதில் இருக்கும். வேலையை விட்டுப் போனவர்களின் ஐடி அதில் அப்படியே கிடந்தால், திருடனுக்குச் சாவியை வாசலில் வைத்த மாதிரி.

"ஏம்மா, தொண்ணூறு நாளா லாகின் பண்ணாதவங்க லிஸ்ட் ஒண்ணு எடுத்துடு" என்றார் ஹெட் சார். "அப்படியே அந்த ஐடியெல்லாம் டிஸேபிள் ஆகிற மாதிரியும் எழுதிடு."

"எப்போ சார் வேணும்?"

"நேத்து."

டைரக்டரியோடு பேசுவதற்கு என்றே சில இன்டர்ஃபேஸ்கள் உண்டு. எல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் வைத்த வாசல்கள். நான் எழுதுவதோ மேனேஜ்டு கோட், எடுத்த நினைவகத்தைத் தானே சுத்தம் செய்துகொள்கிற புது வகை. அது வசதியான வீட்டுப் பிள்ளை மாதிரி. சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகும், பின்னாலேயே ஒருவர் வந்து கழுவி வைப்பார். பழைய இன்டர்ஃபேஸ் ஹாஸ்டல் மெஸ். உன் தட்டை நீயே எடு, நீயே கழுவு, எடுத்த இடத்தில் வை. இந்த இரண்டும் நேருக்கு நேர் நின்றால் ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாது. நடுவில் நின்று அங்கே சொல்வதை இங்கேயும், இங்கே சொல்வதை அங்கேயும் மாற்றிக் கொடுக்கிற ஏற்பாட்டுக்குப் பெயர் இன்டராப். அதன் வழியாகத்தான் நான் போக வேண்டும்.

முதல் தடவை ஓட்டியபோது தட்டைக் கழுவ மறந்துவிட்டேன். ஒவ்வொரு ஆளின் விவரத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்று திருப்பிக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சர்வர் திணற ஆரம்பித்தது. பில்லிங் கவுன்ட்டரிலிருந்து போன் மேல் போன்.

"எல்லா ஸ்க்ரீன்லயும் வட்டம் சுத்துதாம். என்னம்மா பண்ணின?" என்று ஹெட் சார் கத்தினார்.

"ஒண்ணும் இல்ல சார், அதுவா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே நிறுத்தினேன். தானாகச் சரியான மாதிரியே இருந்தது.

இரண்டாவது தடவை இன்னொரு பூதம். லாகின் செய்த நேரத்தை டைரக்டரி நமக்குப் புரிகிற தேதியாகத் தராது. பெரிய எண் ஒன்றை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு துண்டாக நீட்டும், நாம்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டினேன். சோதித்துப் பார்க்க என் ஐடியையே கொடுத்தேன். ஒன்பது மூன்றுக்கு லாகின் செய்ததாகச் சொன்னது.

வயர் அண்ணா எட்டிப் பார்த்தார். "நீ ஒம்போது மூணுக்கு வந்தியா? வாட்ச்மேன்கூட நம்ப மாட்டான்."

அவர் சொன்னது சரி. ஒன்பது பத்துக்கு முன்னால் நான் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததே கிடையாது. ஏழு நிமிடம் எங்கே போனது என்று அன்று மத்தியானம் முழுக்கத் தேடினேன். கீழ் பாதி சில சமயம் மைனஸ் குறியோடு வருகிறது, அதை அப்படியே கூட்டினால் ஏழு நிமிடம் விழுந்துவிடுகிறது. கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷத்தில் வயர் அண்ணாவுக்கு சமோசா வாங்கிக் கொடுத்தேன். ஏழு நிமிடத்துக்காக அவ்வளவு மெனக்கெட்டவள் நான். அதை இங்கே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் அதே நாளில் வேறொன்றை இரண்டே நிமிடத்தில் தாண்டிப் போனேன். சில பேருக்கு அந்தத் தேதியே இல்லை. இல்லாததைக் கேட்டால் பழைய இன்டர்ஃபேஸ் காலி என்று பதில் தராது, பிழை என்று மூஞ்சியில் எறியும், புரோகிராம் நின்றுவிடும். நிற்காமல் இருக்க ஒரு வரி சேர்த்தேன். பிழை வந்தால், எந்தப் பிழையாக இருந்தாலும், அந்தப் பெயருக்கு நேரே 'வந்ததே இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போ.

நாற்பத்து மூன்று பெயர் வந்தது. லிஸ்ட்டுக்கு மேலே 'பயன்பாட்டில் இல்லாதவர்கள்' என்று தலைப்பு போட்டு ஹெட் சாருக்கு அனுப்பினேன். அவர் திறந்துகூடப் பார்க்காமல் அட்மின் சாருக்கு அனுப்பினார். அட்மின் சார் திறந்து பார்த்தார்.

அதுதான் வினை. எங்களுக்கு அப்போது கேளம்பாக்கத்தில் புதுக் கிளை திறக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆள் வேண்டும், இங்கிருந்து யாரை எடுத்து அனுப்புவது என்று அட்மின் சார் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் போய், கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்த மாதிரி, 'பயன்பாட்டில் இல்லாதவர்கள்' என்று ஒரு லிஸ்ட். ஐடிகளின் லிஸ்ட் அது. அவர் அதை ஆட்களின் லிஸ்ட்டாகப் படித்தார். அதில் இன்னும் வேலையில் இருந்தவர்கள் பெயரையெல்லாம் பொறுக்கி, அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து கேளம்பாக்கம் என்று நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு எங்கள் அறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது. ரெக்கார்டு ரூம் அக்கா. பழைய பிளாக்கில், நோயாளிகளின் பழைய ஃபைல்களைத் தேடி எடுத்து வார்டுகளுக்கு அனுப்பும் அறையில் இருப்பவர். திருநீர்மலையிலிருந்து வருகிறவர் என்பதால் திருநீர்மலை அக்கா என்றுதான் ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்வார்கள். கையில் போர்டிலிருந்து பிய்த்த காகிதம், நாலு மூலையில் மூன்றில் இன்னும் குண்டூசி.

"இன்னாம்மா, நீதான் இந்த லிஸ்ட்டு போட்டியாமே?"

"ஆமாக்கா. ஏன்?"

"என் பேரு இதுல இன்னாத்துக்கு கீது?"

"நீங்க லாகின் பண்ணலக்கா. அதான்."

"யாரு, நானா? எட்டு வருசமா அந்த ரூம்ல குந்திகினு தட்டிகினு கீறேன். கண்ணு பூத்துப் போச்சு. நான் வந்ததே இல்லன்னு எழுதி வெச்சிகீற."

"நான் எழுதலக்கா. டைரக்டரி சொல்லுது."

"அவன் யாரு டைரக்டரி? கூப்புடு அந்தாள, நான் பேசிக்கிறேன்."

வயர் அண்ணா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். நான் அடக்கவில்லை. சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் காது சூடாகிறது.

அக்கா கோபப்படவில்லை. காகிதத்தை என் கீபோர்டு மேல் வைத்தார். "தோ பாரு பொண்ணு. எனக்கு ஆறு டு ரெண்டு ஷிஃப்ட்டு. ரெண்டே காலுக்கு பஸ்ஸப் புடிச்சா மூணு மணிக்கு மலை அடிவாரம். மூணேகாலுக்கு ஸ்கூல் வேன் எம்பொண்ண அங்கதான் எறக்கி வுடும். மூணாங்கிளாஸ் படிக்குது. வூட்ல வேற ஆளு கெடையாது. கேளம்பாக்கத்துல ஒம்போது டு ஆறாம். ரெண்டு பஸ்ஸு மாறி நான் வூட்டுக்கு வர்றதுக்குள்ள இருட்டிப் போவும். அது வரிக்கும் அந்தக் கொயந்த எங்க நிக்கும்? உங்க டைரக்டரி வந்து கூட்டினு போவானா?"

"உங்ககிட்ட பாஸ்வேர்டு இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"ஓ, இருக்கே."

யாருடைய பாஸ்வேர்டு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "சரி, பார்த்துச் சொல்றேன்" என்றேன், மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டர் மாதிரி.

அன்று மத்தியானமே ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன், என் தப்பை. ஆஸ்பத்திரியில் சர்வர் இரண்டு. புது பிளாக்கில் ஒன்று, பழைய பிளாக்கில் ஒன்று. ஆட்களின் பெயர், பிரிவு எல்லாவற்றையும் இரண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். ஆனால் கடைசி லாகின் நேரத்தை மட்டும் ஒவ்வொன்றும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நான் புது பிளாக் சர்வரை மட்டும் கேட்டிருந்தேன். பழைய பிளாக்கில் இருக்கிறவர்கள் எல்லாரும் என் லிஸ்ட்டில் செத்துப்போயிருந்தார்கள்.

அப்பாடா என்று இருந்தது. இரண்டு சர்வரையும் கேட்டு, இரண்டில் எந்தத் தேதி பிந்தியதோ அதை எடுக்கிற மாதிரி மாற்றி எழுதினேன். நாற்பத்து மூன்று ஒன்பதாகக் குறைந்தது. மேலிருந்து கீழே விரலை ஓட்டினேன். ஆறாவது வரியில் திருநீர்மலை அக்கா. வந்ததே இல்லை.

இந்தப் புது லிஸ்ட் வந்ததும் அட்மின் சாருக்கு என் மேல் மரியாதை கூடிவிட்டது. "தப்ப நீயே கண்டுபிடிச்சு நீயே திருத்திட்ட பாரு. வெரி குட். இப்ப இந்த ஒம்பது பேரு ஷ்யூர்தானே?" என்றார். ஷ்யூர் சார் என்றேன். முதல் லிஸ்ட் கன்னாபின்னாவென்று இருந்ததால் அதை எதிர்த்துச் சண்டை போட ஆள் இருந்தது. நான் சுத்தம் செய்த லிஸ்ட்டை எதிர்க்க யாரும் இல்லை. முப்பத்து நாலு பேர் பிழைத்துப் போனார்கள், மீதி ஒன்பது பேர் மேல் சீல் விழுந்தது. அக்காவின் நிலைமையை நான் இன்னும் மோசமாக்கியிருந்தேன், அதுவும் பாராட்டு வாங்கிக்கொண்டு.

மறுநாள் கேன்டீனில் அக்காவைப் பார்த்துச் சொன்னேன். "ரெண்டு சர்வர்லயும் பார்த்துட்டேன்கா. இப்போ பக்காவா இருக்கு. உங்க ஐடியில லாகினே இல்ல."

அவர் தயிர் சாதத்தை மூடி வைத்தார். "ஒரு வாரமா நான் ஒண்டியாளா கீறேன், தெரியுமா? கண்ணாடி அக்கா லீவு. அவங்க பொண்ணுக்கு வேலூர்ல கொயந்த பொறந்துகீது. ரெண்டு பேர் வேலைய ஒருத்தி செஞ்சினுகீறேன். தண்ணி குடிக்க நேரம் இல்ல. நீ இன்னாடான்னா பக்காவா கீதுன்ற." டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கண்ணாடி அக்கா என்பது அதே அறையில் இருக்கும் இன்னொருவர். கிழக்குத் தாம்பரத்தில் வீடு, நடந்தே வந்துவிடுவார். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போக வேண்டும் என்பதற்காக மற்ற ஆறு நாளும் எந்த வேலை சொன்னாலும் செய்கிறவர். கயிறு கட்டிய கண்ணாடி எப்போதும் மார்பில் தொங்கும்.

அறைக்குத் திரும்பி, ஏதோ ஓர் எரிச்சலில், கண்ணாடி அக்காவின் ஐடியைப் புரோகிராமில் போட்டேன். வேலூரில் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் அந்த அக்கா, அன்று காலை ஆறு ஏழுக்குப் பழைய பிளாக்கில் லாகின் செய்திருந்தார்.

சர்வரின் பதிவில் போய் முந்தின நாளைப் பார்த்தேன். ஆறு ஐந்து. அதற்கு முந்தின நாள், ஆறு ஒன்பது. லீவில் இருக்கிறவர் தினமும் வந்திருக்கிறார். ஒண்டியாக வேலை செய்கிறவர் எட்டு வருடமாக வரவே இல்லை. மேல் பாதியையும் கீழ் பாதியையும் நான் ஒழுங்காகத்தான் ஒட்டியிருந்தேன். டைரக்டரி ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே பெருங்களத்தூரிலிருந்து முதல் ஷேர் ஆட்டோவில் கிளம்பினேன். வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "உடம்பு ஏதாவது சரியில்லையாடி?" என்று கேட்டார். ஆறு மணிக்கு ரெக்கார்டு ரூம் வாசலில் நின்றேன். ஆறு ஐந்துக்கு திருநீர்மலை அக்கா மூச்சு வாங்க வந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தார். இரண்டு கம்ப்யூட்டரையும் போட்டார். இரண்டிலும் கண்ணாடி அக்காவின் ஐடியை அடித்தார், இரண்டிலும் அதே பாஸ்வேர்டு. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"அக்கா, இது அவங்க ஐடி."

"அதுக்கு இன்னா? எப்பவும் இதானே. அவங்க கிட்டக்க வூடு, முன்னாடியே வந்துடுவாங்க. வந்து ரெண்டு மிஷினையும் தொறந்து வெச்சிடுவாங்க. பாஸ்வேர்டு போட்டப்புறம் அது தொறக்கறதுக்கே பத்து நிமிசம் ஆவும்ல? நான் பஸ்ஸ வுட்டு எறங்கி ஓடியாந்தா நேரா குந்திகினு வேலையப் பாக்கலாம். தீபாவளிக்கு பெருங்களத்தூர்ல பஸ்ஸு ஜன்னல் வழியா துண்டப் போட்டு சீட் புடிக்கல? அந்த மாதிரிதான்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். மெதுவாகப் புரிந்தது அவருக்கு. "அப்ப நான் தட்னது எல்லாம் அவங்க பேர்லயா போயிருக்கு?"

"ஆமாக்கா."

"எட்டு வருசமும்?"

தலையாட்டினேன்.

நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தார். "யாராண்டயும் சொல்லிடாத. ஐடிய அடுத்தவங்களுக்குக் குடுத்தா மெமோன்னு போர்டுலயே போட்டு வெச்சிகீறாங்க. அவங்களுக்கு ரிட்டையர் ஆவ ரெண்டு வருசம்தான் கீது. எனக்கு ஒத்தாசை பண்ணப் போயி அவங்களுக்கு பேஜார் ஆவக் கூடாது."

"அப்போ கேளம்பாக்கம்?"

அதற்குள் முதல் ஃபைலுக்கு வார்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. அக்கா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், மேஜை மேல் இருந்த நீள நோட்டில் ஃபைல் எண்ணை எழுதினார், பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அந்த நோட்டை அன்றுதான் நான் பார்த்தேன். எந்த ஃபைல் யார் கையிலிருந்து வெளியே போனது என்பதற்கான நோட்டு. பக்கம் பக்கமாக அந்தக் கையெழுத்து இருந்தது. அலமாரியின் அடித்தட்டில் முந்தைய வருடங்களின் நோட்டுகள் கயிறு கட்டிக் கிடந்தன.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் ஒன்றாம் தேதி. மத்தியானத்துக்குள் அட்மின் சார் ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிடுவார். நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். வேகமாக டைப் செய்கிறவள், வேகமாகத்தான் முடிவும் எடுப்பேன். பத்து மணிக்கு நாலு நோட்டை அள்ளிக்கொண்டு, ஹெட் சாரையும் இழுத்துக்கொண்டு அட்மின் சார் அறைக்குப் போனேன்.

"அப்ப உன் லிஸ்ட் தப்பா?" என்றார் அட்மின் சார்.

"லிஸ்ட் தப்பில்ல சார். நான் போட்ட தலைப்பு தப்பு. அந்தப் பேர்ல யாரும் கம்ப்யூட்டரத் திறக்கலன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். வேலை செய்றாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

"எட்டு வருஷம் எப்படிம்மா ஒருத்தர் கம்ப்யூட்டரத் திறக்காம வேலை பாப்பாங்க?"

இந்த இடத்தில்தான் கண்ணாடி அக்காவின் ஐடியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். வேலூர், லீவு, ஆறு ஏழு, எல்லாவற்றையும்.

அட்மின் சார் நோட்டைப் புரட்டினார். ஹெட் சார் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். நோட்டை மூடிவிட்டு அட்மின் சார், கேளம்பாக்கம் ஆர்டரில் திருநீர்மலை அக்காவின் பெயரைப் பேனாவால் அடித்தார். அதே பேனாவால் இன்னொரு தாளில் இரண்டு மெமோ எழுதினார். ஐடியைக் கொடுத்தவருக்கு ஒன்று, வாங்கியவருக்கு ஒன்று. கூடவே ஓர் உத்தரவு. திங்கள் முதல் ரெக்கார்டு ரூமில் அவரவர் ஐடியில் அவரவர்தான் நுழைய வேண்டும்.

மத்தியானமே திருநீர்மலை அக்காவின் ஐடிக்கு உயிர் கொடுக்கப் போனேன். ஒன்பது பேர் லிஸ்ட்டுக்கு ஷ்யூர் சொன்ன கையோடு அந்த ஐடிகளை டிஸேபிள் செய்ததும் என் புரோகிராம்தான். அது நடந்து இரண்டு நாள் ஆகியும் அவருக்குத் தெரியவே இல்லை என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பழைய இன்டர்ஃபேஸ் வழியாக, முடக்கியதை நீக்கு என்று எழுதினேன். ஸ்க்ரீனில் நீங்கிவிட்டது என்று காட்டியது. அக்காவை உட்காரவைத்து அவர் ஐடியையும் நான் கொடுத்த தற்காலிக பாஸ்வேர்டையும் அடிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார், தன் பெயரை. இந்த ஐடி முடக்கப்பட்டுள்ளது என்று வந்தது.

"பாத்தியா? இதுக்கே என்னப் புடிக்கல" என்றார்.

அந்த இன்டர்ஃபேஸில் எதை மாற்றினாலும் முதலில் நம் கையில் இருக்கிற நகலில்தான் மாறும். எழுதிவிடு என்று தனியாகச் சொன்னால்தான் டைரக்டரிக்கே போய்ச் சேரும். அந்த ஒரு வரியைப் பதற்றத்தில் விட்டிருந்தேன். சேர்த்தேன். மறுபடி அடித்தார். திறந்தது. புது பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிக் கேட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பின்னாலிருந்து ஒவ்வொரு விரலாக விழும் சத்தம் கேட்டது, நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சும் சத்தமும்.

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. அவர் எழுந்து, "சொல்லாதன்னு சொன்னேனே" என்றார். அவ்வளவுதான். இரண்டே காலுக்கு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை கண்ணாடி அக்கா வேலூரிலிருந்து திரும்பினார். மேஜை மேல் மெமோ. ஒரு டப்பா நிறைய ஸ்வீட்டோடு வந்தவர், அதைத் திறக்காமலேயே எங்கள் அறைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"எனக்கு மெமோ குடுத்ததுக்கு நான் கேக்க வரலடி. ரூல் ரூல்தான், குடுத்தது தப்புதான்" என்றார். "ஒரு போன் போட்டியா எனக்கு? போட்டிருந்தா நானே சார்கிட்ட பேசியிருப்பேன். 'நான்தான் திறந்து வெப்பேன், அவ மேல தப்பில்ல'ன்னு என் வாயால சொல்லியிருப்பேன். இப்போ நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து அவ போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு."

"அவங்க சொல்ல வேணாம்னுதான்கா சொன்னாங்க. நான்தான்..."

"அது எனக்குத் தெரியும். இங்க இருக்கிற மத்தவங்களுக்கு?"

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் கையில் போன் இருந்தது. அந்த அக்காவின் நம்பரும் பணியாளர் பட்டியலில், அதே டைரக்டரியில், பெயருக்கு நேரே இருந்தது. லாகின் நேரத்தைப் படித்த அதே கண்ணால் அடுத்த வரியையும் படித்திருக்கலாம். ஒருத்தரைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்தது, ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் மேஜையில் போடுவது ஒன்றுதான். சம்பந்தப்பட்ட ஆளிடம் முதலில் கேட்பது என்று ஒன்று இருப்பதே தோன்றவில்லை.

ஒன்பது பேரில் மீதி எட்டுப் பேரைப் பற்றியும் அந்த வாரமே ஒவ்வொருவராக நேரில் போய் விசாரித்தேன். இரண்டு பேர் ரிட்டையர் ஆனவர்கள், நாலு பேர் வேலையை விட்டுப் போனவர்கள். பார்மசியில் இருந்த இரண்டு பேருக்கு அப்படியே அக்காவின் கதைதான். இந்தத் தடவை முதலில் அவர்களிடம்தான் பேசினேன், அவர்களே அட்மின் சாரிடம் போய்ச் சொல்லி ஆர்டரை மாற்றிக்கொண்டார்கள். எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிடுகிற அந்த வரியையும் எடுத்துவிட்டேன். இப்போது தேதி இல்லாத பெயர் வந்தால் புரோகிராம் நின்று என்னைக் கேட்கும். தலைப்பையும் மாற்றினேன்: 'இந்தப் பெயரில் கம்ப்யூட்டர் திறக்கப்படவில்லை. ஏன் என்று நேரில் கேட்கவும்.' அட்மின் சார், தலைப்பு பாதிப் பக்கத்துக்கு இருக்கிறதே என்று சிரித்தார். இருக்கட்டும் சார் என்றேன்.

ரெக்கார்டு ரூமில் இரண்டு அக்காக்களும் பேசிக்கொள்ளவில்லை. வயர் அண்ணாதான் வந்து சொன்னார். "ஒருத்தர் இந்தச் சுவத்தப் பாக்கறாங்க, ஒருத்தர் அந்தச் சுவத்தப் பாக்கறாங்க. நடுவுல நான் கேபிள் இழுக்கறேன். ஃப்ரீசருக்குள்ள குந்தின மாதிரி கீது."

நான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். தினமும் காலையில் வந்ததும் அந்த இரண்டு ஐடியின் லாகின் நேரத்தைப் பார்த்தேன். கண்ணாடி அக்கா ஐந்து நாற்பத்தெட்டு. திருநீர்மலை அக்கா ஆறு ஏழு. மறுநாள் ஐந்து ஐம்பது, ஆறு ஒன்பது. இப்போது அவர் பெயருக்கு நேரே ஒவ்வொரு நாளும் தேதி வந்தது. வேனிலிருந்து இறங்குகிற பெண்ணுக்கு மலை அடிவாரத்தில் அம்மா நிற்கிறார் என்று அந்தத் தேதிக்கு அர்த்தம். அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் கண்ணாடி அக்கா தன் மெஷினை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு, பக்கத்தில் இருட்டாகக் கிடக்கிற ஸ்க்ரீனுக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்றும் அர்த்தம். துண்டு போட்டு வைக்க இனி வழி இல்லை. அந்த வழியை அடைத்தவள் நான்.

மூன்று வாரம் இருக்கும். ஒரு புதன்கிழமை வந்து பார்த்தேன். திருநீர்மலை அக்கா, ஆறு எட்டு. கண்ணாடி அக்காவின் ஐந்து ஐம்பதைக் காணவில்லை. லீவோ, உடம்பு சரியில்லையோ என்று பயந்து கீழே பார்த்தேன்.

ஆறு எட்டு.

முதலில் என் மேல்தான் சந்தேகம் வந்தது. மேல் பாதி கீழ் பாதியை எங்கோ மாற்றி ஒட்டிவிட்டேனா என்று புரோகிராமைத் திறந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. என் ஐடியைப் போட்டுப் பார்த்தேன், ஒன்பது பன்னிரண்டு, அதுவும் சரி. அப்போது வயர் அண்ணா டீயோடு உள்ளே வந்தார்.

"இன்னிக்கு இன்னா கூத்து தெரியுமா? கண்ணாடி அக்கா பஸ் ஸ்டாப்புல நின்னுகினு இருந்துச்சு, ஆறு மணிக்கு. வேலைக்குப் போவலியான்னு கேட்டேன். பஸ்ஸு வரட்டும்னு சொல்லுது. கிட்டக்க கீற வூட்லருந்து நடந்து வர்றவங்களுக்கு எதுக்கு பஸ்ஸு?"

டீயை வாங்கிக்கொண்டேன். புரோகிராமை மூடினேன். அந்த இரண்டு பெயரையும் அதற்குப் பிறகு நான் போட்டுப் பார்க்கவில்லை.